மெல்போர்ன் வால்டரின் வியாதி

மூவாற்றுப்புழைப் பாலத்தைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினால், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே எல்தோ சாரின் ஆங்கில வகுப்பு. வெளிநாட்டுக்குப் போக வேண்டிய நர்ஸுகள் எழுதும் பரீட்சைக்கு அங்கே தயார் செய்கிறார்கள். எல்தோ சாருக்குத் தொண்டை பெரிது. மாடியில் அவர் ஒரு வினைச்சொல்லைப் பிடித்து உலுக்கினால், கீழே பஞ்சர் ஒட்டுகிறவன் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பான். அந்தக் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு தினமும் இரண்டு மணி நேரம் வர்க்கி காத்திருப்பார். மாடியில் படிப்பது அவருடைய ஒரே மகள் ஜிஸ்மி. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனுஷர், அறுபத்திரண்டு வயதில், கட்டணம் கட்டாமலே ஆங்கிலத்தின் பன்னிரண்டு காலங்களையும் கேட்டு முடித்திருந்தார்.

ஸ்டாண்டில் இதற்காகவே அவரைக் கிண்டல் செய்வார்கள். அதிலும் அவரோடு இருபது வருடமாக வண்டி ஓட்டும் பைலி விடவே மாட்டான்.

"என்ன வர்க்கிச்சேட்டா, மாடியில இன்னைக்கு எந்தக் காலம் ஓடுது?"

"ஆரம்பிச்சு, இன்னும் முடியாம ஓடிக்கிட்டே இருக்குற காலம்டா."

"ஓ, நம்ம பைபாஸ் ரோடு வேலை."

"அதேதான். உனக்கும் ஒரு சீட்டு வாங்கித் தரவா?"

சிரித்தாலும், அந்த ஒரு காலத்தில்தான் ஜிஸ்மி இரண்டு முறை சறுக்கியிருந்தாள். படித்தல், கேட்டல், பேச்சு எல்லாம் தேறிவிடும். எழுத்தில் விழுந்துவிடுவாள். நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, அவரை இன்னொரு டாக்டரிடம் அனுப்பும் கடிதம் எழுதச் சொல்வார்கள். அங்கேதான் வினை.

"மூணு மாசமா இருமுறார்னா நமக்குப் போதும்," என்று மாடியிலிருந்து எல்தோ சாரின் குரல் இறங்கி வரும். "வெள்ளக்காரனுக்குப் போதாது! எப்ப ஆரம்பிச்சது, நடுவுல நின்னுச்சா, இந்த நிமிஷம் வரைக்கும் இருக்கா, எல்லாத்தையும் ஒரே வினைச்சொல்லுல அவனுக்குச் சொல்லணும். நோயாளியப் பார்த்தா முதல்ல வாயில என்ன வரணும்? எப்ப இருந்து! சொல்லுங்க!"

"எப்ப இருந்து!" என்று முப்பத்திரண்டு பெண்கள் கோரஸாகச் சொல்வார்கள்.

கீழே ஆட்டோவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் வர்க்கி, ஓணத்துக்கு முன்னாடி இருந்து, என்று மனதுக்குள் பதில் சொல்லிக்கொள்வார்.

அவருக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. முதலில் அதைச் சூடு என்றுதான் நினைத்தார். ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு அடியில் எஞ்சின். மூலம் வராத டிரைவர் அந்த ஸ்டாண்டில் கிடையாது. மோரும் நன்னாரியுமாகக் குடித்துப் பார்த்தார். அக்டோபரில் வலியும் சேர்ந்தபோது, இது மூலமில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. வீட்டில் ஒரு நர்ஸை வைத்துக்கொண்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நர்ஸ் என்பதால்தான் சொல்லவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் அவர் மனைவி ஏலியாம்மாவுக்குக் கிட்னி கெட்டுப்போனது. அப்போது ஜிஸ்மியின் கையில் அயர்லாந்துக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. யாரையும் கேட்காமல் வேண்டாம் என்று எழுதிப்போட்டுவிட்டு, அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்தவள் அவள். அம்மா போன பிறகு அந்த வாய்ப்பு திரும்பி வரவில்லை. சட்டங்கள் மாறின, பரீட்சை கடினமானது, அவளுக்கு வயது முப்பத்துமூன்று ஆகிவிட்டது. இப்போது அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லம் ஜனவரி கடைசிவரை அவளுக்காக இடம் வைத்திருந்தது. டிசம்பரில் பரீட்சை. இந்த முறையும் போனால் அவ்வளவுதான், காலத்துக்கும் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டிதான் கதி.

ரத்தம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதே நிமிடம் அவள் புத்தகத்தை மூடிவிடுவாள். பரீட்சை முடியும்வரை வாயைத் திறப்பதில்லை என்று வர்க்கி முடிவு செய்தார். அதற்காக அவரைப் பெரிய தியாகியாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. மனுஷருக்குப் பயம் இருந்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதிருக்கிறார். யாராவது தானாகவே கண்டுபிடித்துத் தன்னைத் திட்டி இழுத்துக்கொண்டு போக மாட்டார்களா என்ற ஏக்கமும் இருந்தது.

நவம்பர் முதல் வாரம், துலா மாதத்து மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ஜிஸ்மி சமையலறை மேசைமேல் ஒரு நோட்டைப் பிரித்துவைத்து, எதிர் நாற்காலியைக் காட்டினாள். முந்தின நாள் நைட் டியூட்டி. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"அப்பச்சா, இங்க வந்து உக்காருங்க. இன்னைக்கு நீங்கதான் என் நோயாளி."

வர்க்கிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னடி?"

"எல்தோ சார் குடுத்த ஹோம்வர்க். வீட்டு நோயாளி. வீட்டுல ஒருத்தரப் பிடிச்சு உக்காரவெச்சு, நோயாளியாக்கி, எப்ப இருந்து எப்ப இருந்துன்னு கேட்டு, கடிதமா எழுதிக்கிட்டு வரணும். நாளைக்கு வகுப்பு மொத்தமும் திருத்தும்."

"நோய் இல்லாதவன் என்ன செய்வான்?"

"அடிச்சு விட வேண்டியதுதான். எங்க வகுப்பு ஷாலெட்டோட மாமியார் சுகரு, பிரஷரு, ஆஸ்துமா, கால் ஆணின்னு எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே போய், கடைசியில நிஜமாவே அழுதுட்டாங்களாம். அப்பச்சனுக்குக் கதைக்கா பஞ்சம்? ஆட்டோவுல ஆனைக்குட்டி ஏத்திக்கிட்டு வந்த ஆளு."

அது உண்மைதான். கதை அளப்பதில் ஸ்டாண்டிலேயே வர்க்கிதான் முதல் ஆள். பெருநாளுக்கு வந்த யானைக்குட்டியை ஆட்டோவில் ஏற்றி, சர்ச்சுக்குக் கொண்டுபோய் இறக்கிய கதையைப் பத்து வயதுவரை ஜிஸ்மி நம்பியிருக்கிறாள். நம்பி ஏமாந்த பிறகு, அப்பச்சன் வாயிலிருந்து வருவதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பாள்.

"பேரு வெள்ளக்காரப் பேரா இருக்கணும். சார் கண்டிப்பாச் சொல்லிட்டார். பரீட்சையில வர்க்கியும் பைலியுமா வரப்போறாங்க? பழகணுமாம்," என்றவள் பேனாவால் நெற்றியைத் தட்டினாள். "வால்டர். வால்டர் ஹியூஸ். வயசு அறுபத்திரண்டு. மெல்போர்ன்ல டாக்ஸி ஓட்டுறார்."

"பொண்டாட்டி இருக்காளா?"

"இல்ல, தவறிட்டாங்க."

"புள்ளைங்க?"

"ஒரு மக இருக்கான்னு வெச்சுக்கலாம். ஆனா தூரத்துல இருக்கா. தனியா இருக்கார்னு போட்டாத்தான் டாக்டருக்குக் கவலை வரும்."

"பாவம் வால்டர்," என்றார் வர்க்கி.

"பாவப்பட்டது போதும். நோயைச் சொல்லுங்க. என்ன தொந்தரவு?"

மழை ஓட்டில் கொட்டியது. வால்டர் என்று ஒருவன் வந்துவிட்டதால் வர்க்கிக்கு வாய் திறந்துகொண்டது. இரண்டு மாதமாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்ததை எப்படி இவ்வளவு சுலபமாகச் சொன்னோம் என்று பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சொல்லும்போதே, கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும், கர்த்தர் விட்ட வழி, என்று நினைத்துக்கொண்டார்.

"வெளிக்குப் போறப்ப ரத்தம் வருது."

"அய்யோ, நல்ல கேஸா எடுத்துட்டீங்களே! எப்ப இருந்து?"

"ஓணத்துக்கு முன்னாடி இருந்து."

"மெல்போர்ன்ல ஏது ஓணம்? ஆகஸ்ட்னு எழுதுறேன். வலி?"

"மொதல்ல இல்ல. ஒரு மாசமா இருக்கு. நேரா உக்கார முடியாது. ஒரு பக்கமாச் சாஞ்சுதான் வண்டி ஓட்டுறான்."

ஜிஸ்மி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்திருந்தால், நோயாளி அப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்திருப்பாள்.

"எடை?"

"ஏழு கிலோ போச்சு."

"அதெப்படி அவ்வளவு கரெக்டா?"

"ரேஷன் கடைத் தராசுல ஏறிப் பார்த்தான்."

"மெல்போர்ன் ரேஷன் கடையிலயா!" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை. "பசி?"

"காலையில புட்டு பாதி உள்ள போவும். மத்தியானம் சும்மா பேருக்கு. ராத்திரி மக டியூட்டிக்குப் போன பெறகு, சோத்தை நாய்க்குப் போட்டுருவான்."

"மகதான் தூரத்துல இருக்காளே அப்பச்சா, கதை இடிக்குது." அவள் அந்த வரியை அடித்தாள். "சரி, கடைசிக் கேள்வி. இவ்வளவு நாளா ஏன் டாக்டரைப் பார்க்கல?"

வர்க்கி சாயா கிளாஸைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "மகளுக்குப் பரீட்சை இருக்கு," என்றார்.

பேனா நின்றது. ஜிஸ்மி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தபோது, வர்க்கிக்கு அப்பாடா என்று ஒரு நிம்மதியும் கூடவே வந்தது.

"அது வேண்டாம்," என்றாள் அவள். "பரீட்சை, மகன்னு இழுத்தா கடிதம் நீளும். நூத்தெண்பது வார்த்தைக்குள்ள முடிக்கணும். வெட்கப்பட்டுக்கிட்டுப் போகலைன்னு போட்டுர்றேன்." எழுந்து வந்து அவர் வழுக்கைத் தலையில் ஒரு முத்தம் வைத்தாள். "எங்கே இருந்துதான் வருதோ இந்தக் கதையெல்லாம்! ஸ்டாண்டுல இருக்க வேண்டிய ஆளே இல்ல அப்பச்சன்."

மறுநாள் வர்க்கி வழக்கத்தைவிட அரை மணி முன்னதாகவே சைக்கிள் கடை வாசலுக்கு வந்துவிட்டார். வந்த சவாரி ஒன்றைப் பைலியிடம் தள்ளிவிட்டார். மேலே ஒருவர் தாளை ஒருவர் மாற்றிக்கொண்டு, சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார்கள். அது எல்தோ சார் வகுப்பின் வழக்கம். ஒரு கடிதம் கை மாறி மாறி எல்லோரிடமும் போய்விட்டுத்தான் அவரிடம் வரும். அவர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார்.

நாலாவதாக வந்தது வால்டரின் கடிதம். வர்க்கிக்கு முழுதும் புரியவில்லை. ஆனால் டாக்ஸி டிரைவர் புரிந்தது, ஆகஸ்ட் புரிந்தது, ரத்தம் என்பதற்கு வெள்ளைக்காரன் என்ன சொல்வான் என்பதும் தெரியும். ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், இவரை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று எல்லாக் கடிதங்களும் முடிவதுபோல அதுவும் முடிந்தது.

வர்க்கி கம்பியைப் பிடித்துக்கொண்டார். முப்பத்திரண்டு நர்ஸுகள். ஒவ்வொருத்தியும் அவர் வண்டியில் ஏறியிருக்கிறாள். மழை நாளில் இலவசமாகக்கூட பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டிருக்கிறார். ஒருத்திக்காவது தோன்றாதா?

"சார், ஒரு சந்தேகம்," என்றது ஷாலெட்டின் குரல்.

வர்க்கி எழுந்தே நின்றுவிட்டார்.

"ஆகஸ்ட்டுக்கு முன்னாடி சின்ஸ் வரணுமா, ஃபார் வரணுமா சார்?"

"சின்ஸ்! எத்தனை தடவை சொல்றது? தொடங்கின நாள் தெரிஞ்சா சின்ஸ். ஜிஸ்மி சரியாத்தான் எழுதியிருக்கா. வேற?"

"எடை குறைஞ்சதுன்னு முடிஞ்ச மாதிரி எழுதலாமா சார், இல்ல குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு எழுதணுமா?" இது வேறொரு பெண்.

"நல்ல கேள்வி. அது நோயாளியப் பொறுத்தது. முடிஞ்சுபோச்சா, இன்னும் குறையுதா? ஜிஸ்மி?"

"இன்னும் குறையுது சார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நோயாளியே சொன்னார் சார்!"

மாடி முழுதும் சிரிப்பு. எல்தோ சாரும் சிரித்தார். இருபதுக்குப் பதினெட்டு என்று அவர் அறிவித்ததும் கைதட்டினார்கள்.

அந்தப் பெண்களைக் குறை சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? எல்லோரும் நல்ல நர்ஸுகள். வார்டில் ஒரு கிழவர் இதில் பாதியைச் சொல்லியிருந்தால்கூட டாக்டரைக் கூட்டிவர ஓடியிருப்பார்கள். ஆனால் அந்த மாடியில் நோயாளி என்றால் அது தாள். தாளில் இருக்கிறவனுக்கு ரத்தம் போனால், பார்க்க வேண்டியது வினைச்சொல்லை. மெல்போர்னில் இருக்கும் ஒருவனுக்காக மூவாற்றுப்புழையில் யார் பதறுவார்கள்?

வர்க்கி மறுபடியும் சீட்டில் உட்கார்ந்தார். பிடிபடவில்லை என்ற நிம்மதி வந்தது. யாருக்குமே கேட்கவில்லையே என்ற வருத்தமும் வந்தது. வருத்தம்தான் அதிகம். ஜிஸ்மி படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"அப்பச்சா! பதினெட்டு! வால்டரைச் சார் ஜெராக்ஸ் எடுத்து போர்டுல ஒட்டிட்டார். மாதிரிக் கடிதமாம்!"

"அப்ப வால்டரு பெரிய ஆளாயிட்டான்," என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார் வர்க்கி.

அதற்குப் பிறகு வால்டர் அவர்கள் வீட்டில் மூன்றாவது ஆளாகிவிட்டான். காலையில் டியூட்டி முடிந்து வந்ததும் ஜிஸ்மி செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பாள்.

"வால்டர் எப்படி இருக்கார்?"

"ராத்திரி நாலு தடவை எழுந்தான். தல சுத்துதாம்."

அவள் அங்கேயே நின்று அதை ஆங்கிலத்தில் சொல்வாள். எங்கே நின்றது, எங்கே தொடர்கிறது என்று விரலை மடக்கி வினைச்சொல்லைத் திருத்துவாள். சரியாக வந்தால் சின்னப் பிள்ளைபோலக் குதிப்பாள். வர்க்கி ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் உள்ளதை உள்ளபடி சொன்னார். மகள் தன் வியாதியைத் தினமும் ஒரு முறையாவது விசாரிக்கிறாளே என்று, சொல்ல வெட்கமாக இருந்தாலும், அதில் அவருக்கு ஒரு சுகம்கூட இருந்தது.

டிசம்பர் பிறந்ததும் இருபத்தஞ்சு நோன்பு தொடங்கியது. கிறிஸ்துமஸ்வரை மீன் இல்லை, இறைச்சி இல்லை. வர்க்கிக்கு நோன்பு இந்த வருடம்போல என்றைக்கும் உதவியதில்லை. அரைத் தட்டுக் கஞ்சியோடு எழுந்தால் யாரும் கேட்பதில்லை. ஒரு நாள் ஜிஸ்மி அவர் மணிக்கட்டைப் பிடித்து, அங்கும் இங்கும் வழுக்கும் வாட்சைப் பார்த்தாள்.

"என்ன அப்பச்சா இது, இப்படி இளைச்சுட்டீங்க?"

"நோன்புல எவன்டி கொழுப்பான்? சர்ச்சுல இருக்குற அச்சன்மார்தான் கொழுப்பாங்க. நீ போய்ப் படி."

"கிறிஸ்துமஸுக்கு ஒரு கிலோ போத்திறைச்சி வாங்கி, முழுக்க உங்களுக்கே போடுறேன், பாருங்க," என்று சொல்லிவிட்டு அவள் புத்தகத்துக்குப் போனாள்.

எர்ணாகுளத்தில் பரீட்சை நடந்தது. வெளியே வந்தபோது அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. ஒரு கிழவர், தனியாக இருக்கிறவர், எடை குறைந்துகொண்டே வருகிறது. கிட்டத்தட்ட அதே ஆள்தான் கேள்வியாக வந்தாராம்.

"வால்டர்தான் அப்பச்சா என்னைக் காப்பாத்தினார்," என்றாள். "கண்ணை மூடிக்கிட்டு எழுதினேன்."

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பரீட்சை முடிந்ததும் சொல்வதாகத்தானே அவர் கணக்கு. ஆனால் ரிசல்ட் வரட்டும் என்று தள்ளிப்போட்டார். தோற்றுவிட்டால் இரண்டு அடியையும் அவள் ஒரே நேரத்தில் எப்படித் தாங்குவாள்? ஜனவரி முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை, ரிசல்ட் வந்தது. நாலிலும் தேறிவிட்டாள். போனை மார்போடு அணைத்துக்கொண்டு, அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று அழுதாள். அயர்லாந்துக்குப் பேசினாள், எல்தோ சாருக்குப் பேசினாள், ஷாலெட்டுக்குப் பேசினாள். அவ்வளவு சந்தோஷத்தின் நடுவில் ரத்தம் என்று ஒரு சொல்லைப் போட வர்க்கிக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் குர்பானை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடுவது என்று தேதி குறித்துக்கொண்டார்.

அந்த ஞாயிறுவரை உடம்பு பொறுக்கவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு, ஸ்டாண்டில், வண்டியைக் கிளப்ப லீவரை இழுத்தவர் அப்படியே ஹேண்டில்பாரின் மேல் சரிந்தார். பைலிதான் தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். ஜிஸ்மி அங்கே ஓடி வருவதற்குள் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். மத்தியானம் ஸ்கேன் எடுத்தார்கள். நாலு மணிக்கு, வர்க்கியின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, ஒரு பெண் டாக்டர் ஃபைலோடு வந்து நின்றார். இளவயது, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"குடல்ல கட்டி இருக்கு. ஈரல்லயும் பரவியிருக்கு. பெரிய டாக்டர் நாளைக்கு வந்து பார்த்து முடிவு சொல்வார். எனக்குக் கொஞ்சம் விவரம் வேணும்." ஜிஸ்மியின் பக்கம் திரும்பினார். "நீங்க மகள்தானே? நர்ஸ்னு சொன்னாங்க. இவருக்கு எப்ப இருந்து ரத்தம் போகுது?"

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. இரண்டு மாதப் பயிற்சி அது; அவளுடைய நாக்கு அவளைக் கேட்காமலே எழுந்தது.

"ஆகஸ்ட்ல இருந்து, டாக்டர். மொதல்ல வலி இல்ல. அக்டோபர்ல இருந்து வலியும் இருக்கு. நேரா உக்கார முடியறதில்ல. ஏழு கிலோ குறைஞ்சு, இன்னும்…"

அங்கே நின்றுவிட்டாள்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "ஆகஸ்ட்ல இருந்தா? உங்களுக்குத் தெரியுமா?" என்றார். அதில் கோபம் இல்லை. புரியாமல் கேட்டது மட்டும்தான். "தெரிஞ்சும் ஏன் யார்கிட்டயும் காட்டல?"

ஜிஸ்மி மெல்ல அப்பச்சனின் பக்கம் திரும்பினாள். சமையலறை மேசையும், அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும், தான் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் அவள் கண்ணுக்குள் ஓடுவதை வர்க்கி கட்டிலில் படுத்தபடியே பார்த்தார். கட்டி, ஈரல் என்று டாக்டர் சொன்னபோது வராத பயம் அப்போது அவருக்கு வந்தது. தான் செத்துப்போனால் அந்தத் துக்கம் அவளுக்கு ஒரு வருடத்தில் ஆறிவிடும். இதை அவள் சாகும்வரை சுமப்பாள். அயர்லாந்தில் ஒவ்வொரு கிழவரையும் பார்த்து, எப்போதிலிருந்து என்று கேட்கும்போதெல்லாம் சுமப்பாள். ஐயோ, ஏன் வாயைத் திறந்தேன், அந்த மேசையில் கால் ஆணி என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று வர்க்கிக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

"டாக்டரே, அவ சொல்றது வேற ஆளு," என்றார். "எனக்குப் பத்து நாளாத்தான்."

"அப்பச்சா…"

"எடி, அது வால்டருடி. நீ கேட்டேன்னு அடிச்சு விட்டேன். பைலியோட மச்சினன் ஒருத்தன் போன வருஷம் செத்தான்ல? அவனுக்கு வந்ததை அப்படியே சொன்னேன். எனக்கு என்னடி தெரியும் வியாதியப் பத்தி?"

"தெனமும் காலையில சொன்னீங்களே."

"தெனமும் அடிச்சு விட்டேன். நீ குதிக்கிறதப் பார்க்க நல்லா இருந்துச்சு."

"அப்ப இது?" அவள் ஸ்கேன் கவரைக் காட்டினாள். "இது எப்படி அதே மாதிரி?"

"நேரம்டி. என் வாய்முகூர்த்தம்னு வெச்சுக்கோ."

"சத்தியம் பண்ணுங்க."

"பண்ணுறேன்."

"அம்மச்சி மேல பண்ணுங்க."

வர்க்கி ஆயிரம் கதை அளந்திருக்கிறார். போலீஸ்காரரிடம், ஆர்.டி.ஓ.விடம், அச்சனிடம்கூடப் பொய் சொல்லியிருக்கிறார். ஏலியாம்மா பேரை மட்டும் எந்தப் பொய்யோடும் சேர்த்ததில்லை. டிரிப் ஏறாத கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தார்.

"ஏலியாம்மா மேல சத்தியம். பத்து நாளாத்தான் போகுது."

ஜிஸ்மி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளியே எடுத்து ஒரு முறை பார்த்தார். அப்படி ஒரு கட்டி பத்து நாளில் வளராது என்பது அந்தத் திரைக்குள் இருந்த இரண்டு பெண்களுக்கும் தெரியும். டாக்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"நான் என்ன எழுதட்டும்?" என்று கேட்டார்.

ஜிஸ்மி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்பச்சனின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பச்சன் சொன்னதையே எழுதுங்க, டாக்டர்," என்றாள். "பத்து நாளா."

டாக்டர் தலையசைத்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார்.